ஒன்றரை நூல் குழாய்

ஏப்ரல் 12, 2025

உப்புக் காலம் முடிந்தது. மிச்சிகனில் பனிக்காக ரோட்டில் கொட்டுகிற உப்பை ரெண்டு நல்ல மழை கழுவிய பிறகுதான் எங்கள் வீட்டுப் பழைய வண்டிகள் வெளியே வரும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டியவர்கள் யாரும் இதில் அவசரப்பட மாட்டார்கள்.

இன்று போர்வையை எடுத்தோம். 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், அதாவது 4.7 லிட்டர். ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது, காணாமல் போன என் சால்வையின் பாதி அங்கேதான் இருந்தது. நாலாவது தடவை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மகன் அவனுடைய 1972 ஷெவர்லே சி10 பிக்கப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவன் அதில் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு, காயலான் கடையில் கிடந்த சில்வராடோ என்கிற புதுக்கால பிக்கப்பின் 5.3 லிட்டர் எஞ்சினைப் போட்டிருக்கிறான், அதனால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அது பாவம். "அந்த வண்டியோட உயிரையே எடுத்துட்டான்" என்பார்.

ஏப்ரல் 27

சண்டை. மகளுக்குப் பதினேழு வயசு, லைசென்ஸ் வாங்கிவிட்டாள், மஸ்டாங்கை ஓட்ட வேண்டுமாம். எனக்கு அவளை நினைத்துப் பயமில்லை, பிரேக்கை நினைத்துத்தான். நாலு சக்கரமும் டிரம் பிரேக், அதாவது உருளைக்குள் கட்டை விரிந்து உரசி நிறுத்துகிற பழைய வகை, நாலுக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய் வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. 1967 மாடலில்தான் ஃபோர்டு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி வைத்தது. சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற டிஸ்க் பிரேக் போடலாம் என்றால் இவர், "அறுபது வருஷமா நின்ன வண்டி இப்ப நிக்காமப் போயிடுமா? ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்கிறார்.

மகள் சத்தம் போடாமல் ஒரு விஷயத்தைத் தேடி எடுத்துவந்து காட்டினாள். 1966லேயே, கேட்டவர்களுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கைத் தனிக்காசுக்குக் கம்பெனியே போட்டுக் கொடுத்திருக்கிறது. "அப்ப இதுவும் ஒரிஜினல்தானேப்பா?" இவர் காபியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் ஜாக்கியை எடுத்துவந்தார்.

மே 18

பார்சல் வந்தது. சக்கரத்தை நாலு போல்டில் மாட்டுகிற டிஸ்க். ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குத்தான் நாலு, வி8க்கு ஐந்து. ஆர்டரில் தெளிவாக எழுதியிருந்தும் அனுப்பிய கடை இப்படிச் செய்திருக்கிறது. திருப்பி அனுப்பியாச்சு. இன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை, மஸ்டாங் முட்டுக்கட்டையில் நிற்கிறது.

ஜூன் 8

காலையிலிருந்து பிரேக் குழாய் வேலை. 3/16 இஞ்ச் என்று மகன் சொன்னதும் என் வாயில் தானாக "ஒன்றரை நூல்" என்று வந்தது. கோயம்புத்தூரில் எங்கப்பாவின் லேத் பட்டறையில் இஞ்சை எட்டு நூலாகத்தான் பேசுவார்கள். இவர் படித்ததும் இப்போது ஆபீஸில் வரைவதும் மில்லிமீட்டர், அதனால் இந்த வண்டியில் ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் தடுமாறுவார். 9/16 கேட்டால் நாலரை நூல் என்று நான் சரியாக எடுத்துக் கொடுப்பேன். பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது நூல் கணக்கிலேயே கேட்கிறார்கள்.

குழாய் முனையை இரண்டு மடிப்பாக விரிப்பது பொறுமையான வேலை. மகன் ரொம்ப அழகாக விரித்துவிட்டு நிமிர்ந்தான், பார்த்தால் நட்டு மேஜை மேல் இருக்கிறது. விரிப்பதற்கு முன்னால் அதைக் கோத்திருக்க வேண்டும், இனிமேல் உள்ளே போகாது. வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. எங்கப்பா இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

சாயங்காலம் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்றினோம். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வலது பின்சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டே கிட்டே வந்து, டிரைவர் பக்க முன்சக்கரத்தில் முடிக்க வேண்டும். பெடல் என் பொறுப்பு. அடியிலிருந்து மகள், "மிதிம்மா... பிடி... விடாத, விடாத... ம், விடு." திருகை அவள் மூடுவதற்குள் நான் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஒரு தடவை எடுத்துவிட்டேன், திட்டு வாங்கினேன். இவர் குடுவையில் எண்ணெய் குறையாமல் ஊற்றிக்கொண்டே வந்தவர், ஒரு சொட்டை மட்கார்டில் சிந்திவிட்டு, பெயின்ட் போய்விடும் என்று தண்ணீருக்கு ஓடினார். ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் பஞ்சு மாதிரி இருந்த பெடல் கல் மாதிரி ஆனது. என் கால்தான் இன்னும் நடுங்குகிறது.

ஆகஸ்ட் 16

எங்கள் வண்டிகளில் இருப்பது பழைய வண்டிகளுக்குக் கொடுக்கிற சரித்திர நம்பர் பிளேட். மற்ற மாதங்களில் கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி என்று ஏதாவது காரணம் வேண்டும், ஆகஸ்டில் மட்டும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சென்னைக்காரர்களுக்கு மார்கழி எப்படியோ, எங்களுக்கு இது அப்படி. அதிலும் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் டிரீம் குரூஸ், டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் ரோட்டில் பழைய வண்டிகளின் ஊர்வலம். 1995ல் ஃபெர்ன்டேலில் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் சேர்க்க ஆரம்பித்தது, இப்போது பான்டியாக் ஊர் வரை ரோட்டோரம் முழுக்க மடக்கு நாற்காலிகள்.

மஸ்டாங்கை மகள்தான் ஓட்டினாள். பெர்க்லி தாண்டி, முன்னால் போன வண்டி யாரோ கையசைத்தார்கள் என்று நடுரோட்டில் நின்றுவிட்டது. மகள் மிதித்தாள். மஸ்டாங் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது, பின்சீட்டிலிருந்த புளிச்சோற்றுத் தூக்கு மட்டும் இவர் காலில் விழுந்தது. இவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நின்றது மகனுடைய பிக்கப். நவீன எஞ்சின்தான், ஆனால் ரேடியேட்டர் ஃபேனின் ஃபியூஸ் போய் கொதித்துவிட்டது. இவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

ராத்திரி காரேஜில் பழைய டிரம் இரண்டுக்கும் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, மேல் தட்டில் அடுக்கினார். விற்கக் கூடாதாம்.