டாக் ரன்னில் லீஷை அவிழ்க்கும் முன்

சிங்கப்பூரில் நாயை வீட்டுக்கு வெளியே கூட்டிப்போனால் லீஷ், அதாவது கையில் பிடிக்கும் நாய்க்கயிறு, போட்டே ஆக வேண்டும். அடுக்குமாடி புளோக்கின் கீழே, நடைபாதையில், பூங்காவில், எங்கும் அதுதான் சட்டம். மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அவிழ்த்து ஓடவிட வேண்டும் என்றால் அதற்கென வேலி அடைத்துவிட்ட டாக் ரன்னுக்குத்தான் போக வேண்டும். பீஷான் - அங் மோ கியோ பூங்கா, காத்தோங் பூங்கா, யீஷூன் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ் என்று பல இடங்களில் இருக்கின்றன. எங்கள் மணியை அங்கே நம்பி விடும் நிலைக்கு வர எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன. புதிதாக நாய் எடுத்தவர்கள் அந்த மாதங்களைப் பற்றித்தான் அடிக்கடி கேட்கிறார்கள்.

மணி தெருவில் பிறந்தவன். இங்கே அவனைப் போன்ற கலப்பின நாய்களை 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்பார்கள். தொழிற்பேட்டைகளிலும் காட்டோரங்களிலும் திரியும் இவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்யும் திட்டத்தை அரசாங்கம் 2018இல் விலங்குநல அமைப்புகளோடு சேர்ந்து தொடங்கியது. வீட்டில் வளர்க்கத் தோதான நாய்களுக்கு வீடு தேடுகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பொதுவாக 62 சிறிய ரகங்களில் ஒன்றைத்தான் வளர்க்கலாம், அதுவும் வீட்டுக்கு ஒன்று. தெருநாயை அங்கே வளர்க்க அனுமதிக்கும் 'அடோர்' திட்டம்தான் வழி. தோள்வரை 55 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது. மணி அதற்குள் அடங்கிவிட்டான்.

அமைப்பின் தொண்டூழியர்கள் வீட்டுக்கு வந்து வாசல் கேட்டையும் ஜன்னல்களையும் பார்த்தார்கள். நாயால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வராமல் நடந்துகொள்வோம் என்று கையெழுத்துப் போட்டோம். மைக்ரோசிப், உரிமம் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. கருத்தடை செய்த நாய்க்கு வருடத்துக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி.

அடிப்படைப் பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டும். இதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். டாக் ரன்னில் பிழைப்பதற்கான பாடமே அங்கேதான் இருக்கிறது. உட்கார், கை கொடு எல்லாம் பிறகு பார்க்கலாம். "மணி, வா" என்றால், எதிரில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும். முதலில் வீட்டுக்குள், அப்புறம் நடைபாதையில், அப்புறம் நீளக் கயிற்றோடு புல்வெளியில். வந்தால் அவித்த கோழித் துண்டு. கூப்பிட்டு ஒருமுறைகூடத் திட்டக் கூடாது என்றார் பயிற்சியாளர். வந்ததற்குத் திட்டு வாங்கிய நாய் அடுத்த முறை ஏன் வரப்போகிறது?

டாக் ரன்னுக்குப் போகத் தொடங்கியதும் நேரே உள்ளே நுழையவில்லை. வேலிக்கு வெளியே தள்ளி நின்று பார்க்க விட்டோம். கூட்டம் கூடினால் மணி வாலைக் காலுக்கிடையே செருகிக்கொள்வான். அன்று அவ்வளவுதான், திரும்பிவிடுவோம். வால் தளர்ந்து, வேலியோரம் வரும் நாயைச் சாவகாசமாக மோந்து பார்க்க ஆரம்பித்த பிறகே உள்ளே போனோம்.

பெரும்பாலும் வாசலில் இரண்டு கேட்டுகள் இருக்கும். வெளி கேட்டைச் சாத்திய பிறகுதான் உள் கேட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருவருடைய நாய் நழுவிச் சாலைக்கு ஓடிவிடும். இரண்டு கேட்டுகளுக்கும் நடுவில் நின்று லீஷை அவிழ்ப்பது நல்லது. மற்ற நாய்கள் அவிழ்ந்து திரியும்போது ஒன்று மட்டும் கட்டுண்டு நின்றால், தப்பிக்க வழியில்லை என்று பயந்து அது கடிக்கப் பார்க்கும். புதுநாய் வந்தால் உள்ளே இருப்பவை எல்லாம் கேட்டருகே கூடிவிடும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் தங்கள் நாயைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். பலகையில் இதை எழுதுவதில்லை, ஆனால் சண்டைகள் அதிகம் தொடங்கும் இடம் இதுதான்.

இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் நாயையும் நோயுற்ற நாயையும் தடுப்பூசி முடியாத குட்டியையும் கொண்டுவராதீர்கள். மலத்தை உடனே அள்ளுங்கள். பிட் புல், ராட்வைலர் போன்ற பட்டியலிட்ட ரகங்களுக்குப் பொது இடத்தில் லீஷோடு வாய்மூடியும் கட்டாயம். தீனியும் ஆசைப் பொம்மையும் வேண்டாம். எவ்வளவு சாதுவான நாயும் தன் பந்துக்கு உறுமும்.

ஒரு மாலை, ஒருவர் பெஞ்சில் அமர்ந்து போனில் மூழ்கியிருந்தார். அவருடைய நாய் மணியின் முதுகில் திரும்பத் திரும்ப ஏறியது. மணி விலகி என் காலுக்கு வந்தான். "அங்கிள், உங்க நாயைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றேன். "விளையாடுது, விடும்மா" என்றார். நான் வாதாடவில்லை, லீஷை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். நம் நாய் உதவி கேட்டு நம்மிடம் வரும்போது நாம் அதன் பக்கம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அது பல்லால் பேசும். டாக் ரன் நாய்க்கு ஓய்வு, நமக்கில்லை. வீதியில் கையில் லீஷ் இருக்கிறது, அங்கே கண் மட்டும்தான்.

தமிழ்நாட்டு உறவினர்கள் முதலில் கேட்பது வெறிநாய்க்கடி பற்றி. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. இங்கே நாங்கள் அஞ்சுவது உண்ணிக்கு. அதன் கடியால் வரும் காய்ச்சல் நாயை உருக்கிவிடும். மாதந்தவறாமல் மருந்து போடுகிறோம். வீடு திரும்பியதும் காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பார்க்கிறோம்.

போகும் வழியிலும் கவனம் வேண்டும். எங்கள் மாடியில் ஒரு மலாய்க் குடும்பம் இருக்கிறது. இஸ்லாமிய முறைப்படி, நாயின் எச்சில் பட்டால் அவர்கள் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். மின்தூக்கியில் அவர்கள் நின்றால் அடுத்ததில் வருகிறோம் என்று சொல்லிவிடுவோம். "பரவாயில்லை, வாங்க" என்று அந்த வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை போன்ற பெரியவர்) கூப்பிட்ட நாட்களில் லீஷைக் குட்டையாகப் பிடித்து மணியை மூலையில் உட்கார வைப்பேன். பீஷான் பூங்காவில் ஆற்றோரம் நீர்நாய்க் குடும்பங்கள் வரும். குட்டிகளைக் காக்க அவை நாயையும் எதிர்க்கும். அங்கேயும் லீஷ் குட்டையாகவே இருக்கட்டும்.

மதிய வெயிலில் போகாதீர்கள். புறங்கையைச் சில விநாடிகள் நடைபாதையில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும். மணிக்குச் சரியாக வருவது மாலை மழை ஓய்ந்த நேரம், கூட்டமும் குறைவு. தண்ணீரும் கிண்ணமும் எங்களுடையதையே கொண்டுபோகிறோம். அவன் நாக்குத் தொங்கிச் சோர்வதற்கு முன்பே, இன்னும் கொஞ்சம் ஓட ஆசை மிச்சம் இருக்கும்போதே, கூப்பிட்டுக் கோழித் துண்டு கொடுத்து லீஷை மாட்டிவிடுகிறேன்.