332 வந்தால் உடனே சரி போடாதீர்கள்

வவுனியாவில் கல்வியியற் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு, நாளைக்குத் துணுக்காயிலோ புதுக்குடியிருப்பிலோ உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு இது. பாடக்குறிப்பு எழுதுகிற நேரத்தில் பாதியையாவது செய்முறைக்குக் கொடுங்கள். வளியில் ஒலியின் வேகத்தை அளக்கிற பரிவுக்குழாய் ஒன்றே போதும், ஏன் என்று விளங்கிவிடும். தண்ணீருக்கு மேலே நிற்கும் குழாயின் நீளத்தை மாற்றிக்கொண்டு போனால், சில நீளங்களில் கவையின் ஒலி திடீரென்று உரக்கக் கேட்கும்; அதுதான் பரிவு.

ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் இல்லாவிட்டால் பி.வி.சி. குழாய் போதும். உள்விட்டம் 2.8, வெளிவிட்டம் 3.2 சென்ரிமீற்றர் அளவில் 60 சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்று. அதைவிட அகலமான, உள்விட்டம் 5.5 சென்ரிமீற்றர் அளவான குழாயின் அடியை மூடி போட்டு ஒட்டினால் அதுதான் நீர்ப்பாத்திரம். சின்னக் குழாயை அதற்குள் இறக்கி, விளிம்பு வரை தண்ணீர் விடுங்கள். சின்னக் குழாயை 30 சென்ரிமீற்றர் உயர்த்தும்போது, அதன் சுவர் தண்ணீரைவிட்டு வெளியே வருவதால் நீர்மட்டம் 2 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கும். பாத்திர விளிம்பிலிருந்து அளக்கிற பிள்ளைக்கு அவ்வளவும் வழுதான். திரும்ப நிரப்பி, பரிவை மறுபடி பிடித்து, நீர்மட்டத்திலிருந்தே அளக்கச் சொல்லுங்கள்.

இசைக்கவையை, அதாவது தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரு புய உலோகக் கவையை, மேசை விளிம்பில் அடிக்க விடாதீர்கள். மேற்றொனிகள் (கூடிய சுருதி ஒலிகள்) கலக்கும், கவையும் பழுதாகும். பழைய இறப்பர்ச் செருப்பில் தட்டினால் போதும். கவையின் இரு புயங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக, குழாய் வாய்க்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே நிற்க வேண்டும். குழாயை முழுக்க அமிழ்த்தி, அங்கிருந்து மெல்ல உயர்த்துங்கள். நடுவில் தொடங்கினால் இரண்டாம் பரிவை முதலாவது என்று எழுதிவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். 30 பாகை செல்சியசில், மீடிறன் (செக்கனுக்கு அதிர்வுகள்) 512 ஹேர்ட்ஸ் ஆன கவைக்கு முதற்பரிவு ஏறத்தாழ 16.2 சென்ரிமீற்றரில் கேட்கும். அந்த நீளம் அலைநீளத்தின் நாலில் ஒன்று. ஆனால் அலை குழாய் வாய்க்குக் கொஞ்சம் மேலே வரை போவதால் சிறு நீளம் ஒன்றைக் கூட்ட வேண்டும், அதுதான் முனைத் திருத்தம். அதை மறந்து 4×512×0.162 என்று பெருக்கினால் 332 வரும். புத்தகத்தில் 331 இருக்கிறது, பிள்ளைக்கும் சந்தோசம், ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். ஆனால் 331 என்பது 0 பாகைக்குரிய வேகம். நமது வகுப்பறையில் அந்தக் குளிர் எங்கே? ஒவ்வொரு பாகைக்கும் 0.6 கூட்டினால் செக்கனுக்கு 349 மீற்றர் வரவேண்டும். முனைத் திருத்தம் விட்ட பிழையும் வெப்பநிலையை மறந்த பிழையும் ஒன்றையொன்று மறைத்து, பிழையான விடையைச் சரிபோலக் காட்டுகின்றன.

இரண்டாம் பரிவையும் எடுங்கள். அது 50.3 சென்ரிமீற்றர் அளவில் கிடைக்கும். வித்தியாசம் 34.1, அதை இரண்டு மடங்காக்கி மீடிறனால் பெருக்கினால் 349. முனைத் திருத்தம் தானாகவே கழிந்துபோகும். 256 முதல் 512 வரை பல கவைகள் இருந்தால், முதற்பரிவு நீளத்தை மீடிறனின் தலைகீழுக்கு எதிரே வரைந்து பாருங்கள்: படித்திறன் (கோட்டின் சாய்வு) வேகத்தின் நாலில் ஒன்றாக, 87 அளவில் இருக்கும், நீள அச்சில் வெட்டுத்துண்டு மறை 0.8 சென்ரிமீற்றர், அதுதான் முனைத் திருத்தம். கோட்டை உற்பத்திக்கூடாக (அச்சுகள் சந்திக்கும் புள்ளிக்கூடாக) இழுக்கிற பிள்ளைக்குத் திரும்பவும் 349ஐ விடக் குறைவாகத்தான் வரும்.

வெப்பமானியைச் சுவரில் தொங்கவிட வேண்டாம், குழாய்க்குள் இறக்குங்கள். இறைத்த உடனேயான கிணற்றுத் தண்ணீர் உள்ளே இருக்கும் வளியைக் குளிர்த்தும். வெயிலில் நின்ற தாங்கித் தண்ணீர் சூடாக்கும். எதுவானாலும் ஒரு மணித்தியாலம் அறைக்குள் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெப்பநிலை எழுதாத செய்முறைக் கொப்பி வந்தால், விடை எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.