டெக்சாஸ் துப்பாக்கி உரிமம்: வகுப்பில் பலரும் கவனிக்காத பகுதி

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும், துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான எல்டிசி (License to Carry) உரிமத்தை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். (எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.)

இணையத்தில் விண்ணப்பம், 40 டாலர் கட்டணம், கைரேகை, 4 முதல் 6 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு. சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்தெழுதும் குழப்பம் வேண்டாம். ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரையே போடுங்கள்.

எல்லோருக்கும் பயம் சுடும் தேர்வில்தான். ஆனால் கைகலப்பில்லாமல் சச்சரவைத் தீர்ப்பது பற்றிய பாடத்தையும் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அது வந்ததும் பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். தினமும் தேவைப்படப் போவது அந்தப் பாடம்தான்.

தற்காப்பு பற்றிய டெக்சாஸ் தண்டனைச் சட்டப் பிரிவு 9.31ஐ நிதானமாகப் படியுங்கள். எதிராளி எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும், வெறும் வாய்ச்சொல்லுக்காகப் பலத்தைப் பயன்படுத்த முடியாது. 'பின்வாங்க வேண்டியதில்லை' என்ற 2007ஆம் ஆண்டுத் திருத்தமும் சண்டையை மூட்டியவருக்குப் பொருந்தாது. நீங்கள் திருப்பித் திட்டியது, காரைவிட்டு இறங்கியது எல்லாமே ஜூரி முன் வரும். சட்டையைத் தூக்கித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால் அதுவே தனி வழக்கு.

சிக்னலில் முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரியும்படி இடைவெளி விட்டு நிறுத்துங்கள்; தகராறு என்றால் ஒடித்து வெளியேற வழி இருக்கும். கண்ணாடியை இறக்காதீர்கள். ஒருவர் பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாமல், 911ஐ அழைத்தபடி காவல் நிலையத்துக்கு ஓட்டுங்கள்.

பார்க்கிங்கில் நேருக்கு நேர் வந்துவிட்டால், உள்ளங்கை தெரியும்படி இரு கையும் நெஞ்சளவில் இருக்கட்டும். சட்டை நுனியை இழுத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கை இடுப்புக்குப் போவதை எதிராளி மிரட்டலாகத்தான் பார்ப்பார். "ஓட்டத் தெரியாதா?" என்று அதட்டினால், "சாரி சார், தப்பு என்மேலதான், நான் கிளம்புறேன்" போதும். தப்பு அவருடையதாக இருந்தாலும் இதையே சொல்லுங்கள், நடந்துகொண்டே சொல்லுங்கள். நின்று நியாயம் பேசினால் வளர்ந்துவிடும்.

குடிக்கப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். போதையில் எடுத்துச் செல்வது குற்றம். சிவப்பில் 51% என்று எழுதிய பலகை உள்ள பாருக்குள் உரிமம் இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது.

போலீஸ் நிறுத்தினால் உள்விளக்கைப் போட்டு, கைகளை ஸ்டியரிங் மேல் வையுங்கள். துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசியையும் காட்டவேண்டும். துப்பாக்கி வலப்பக்கம் என்றால் பர்ஸ் இடப்பக்கப் பையில் இருக்கட்டும்.