ஐந்து ‘ஏன்’, கடைசியில் ஆபரேட்டர்

வாகன உதிரிபாகம் செய்யும் கடைகளில் வாடிக்கையாளர் புகார் வருவதற்கென்று ஒரு முகூர்த்தம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் பஞ்ச் அடிக்க வரிசையில் நிற்கும்போது குவாலிட்டி அனலிஸ்ட்டின் போன் மட்டும் அதிரும். மெயிலில் ஒரு வரி, இரண்டு படம். ஒரு படத்தில் பாகத்தைவிட அதைப் பிடித்திருப்பவரின் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருக்கும். இன்னொன்றில் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார்கள். 2 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, குறைவதைக் காட்ட ஸ்டீல் ஸ்கேல் எதற்கு என்று கேட்கக் கூடாது. லாட் நம்பர் இரண்டிலும் இருக்காது. அனலிஸ்ட் அனுப்பும் முதல் பதில் “வருந்துகிறோம்” என்று தொடங்கினாலும், அதில் உருப்படியான வரி “ட்ரேயில் ஒட்டியிருக்கும் டேக்கைப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்பதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருக்கிற மாதிரி கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்கள் உள்ள ஒரு நடுத்தர சிஎன்சி கடை, மே மாதம் என்று வைத்துக்கொள்வோம். பாகம் ஒரு ஸ்டீல் புஷ், அதாவது நடுவே துளையுள்ள குழல். உள்விட்டம் 20 எச்7. அதாவது 20.000லிருந்து 20.021 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மொத்தமே 21 மைக்ரான்தான் இடம். தலைமுடி ஒன்றை நெடுக்காக மூன்றாகக் கிழித்தால் ஒரு கீற்று ஏறத்தாழ அவ்வளவு வரும். இதற்குள் நுழைய வேண்டிய பின்னின் மேல் எல்லை 20.000. புகார் இதுதான்: சில புஷ்களில் பின் ஏறவில்லை, வாடிக்கையாளரின் சிஎம்எம் என்கிற அளவு மெஷின் 19.998 காட்டுகிறது. இங்கே இன்ஸ்பெக்ஷன் ஷீட்டிலோ ஒரு வரிகூட 20.003க்குக் கீழே போகவில்லை.

புகாருக்கு எட்டுப் படிகளில் பதில் சொல்கிற 8டி ரிப்போர்ட்டில் டி3 என்கிற தற்காலிகத் தடுப்பை 24 மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்வார்கள். தடுப்பு என்றால் சரக்கைப் பிரிப்பது. எல்லாரும் ஸ்டோருக்கு ஓடுவார்கள், அங்கே இருக்கிற ட்ரேக்களுக்கு மஞ்சள் டேக் கட்டுவார்கள், முடிந்தது என்பார்கள். சரக்கு ஐந்து இடத்தில் இருக்கும்: மெஷின் பக்கத்தில் பாதி வேலையில், நம் ஸ்டோரில், லாரியில், வாடிக்கையாளர் ஸ்டோரில், அவருடைய லைனில். மறந்துபோவது எப்போதும் லாரிதான். இரண்டு நாள் ராத்திரி பகலாகப் பிரித்து, நல்லதற்கெல்லாம் பச்சை மார்க்கரில் புள்ளி வைத்து முடித்தபின், புள்ளியே இல்லாத 2,000 பாகங்களோடு அந்த லாரி ஸ்ரீபெரும்புதூரில் சாவகாசமாக இறக்கிக்கொண்டிருக்கும். டி3 அனுப்புவதற்கு முன் டிஸ்பாட்ச் ஆளிடம் “கேட்டுக்கு வெளியே என்ன இருக்கு அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இது நடக்காது.

அடுத்தது ‘ஒய்-ஒய்’ கூட்டம், ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைத் தேடுவது. வெள்ளைப் பலகை, ஐந்து கட்டம், ஆறு பேர், ஒரே ஒரு மார்க்கர், அதுவும் மங்கலாக எழுதும். உட்கார்ந்த நாலாவது நிமிஷத்தில் பலகை இப்படி இருக்கும்:

பின் ஏன் ஏறவில்லை? துளை சிறிது.
ஏன் சிறிது? ஆஃப்செட் (மெஷினில் வைக்கும் டூல் திருத்த எண்) தப்பு.
ஏன் தப்பு? ஆபரேட்டர் சரியாக அளக்கவில்லை.
ஏன்? கவனக்குறைவு.
ஏன்? பயிற்சி போதவில்லை.

நடவடிக்கை: ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கையெழுத்து, தேதி. புரொடக்ஷன் இன்சார்ஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். “சார், மெஷின் நிக்குது சார்.”

இந்த அவசரத்தில் முதலில் விட்டுப்போவது, ஒரு புகாருக்கு ஒய்-ஒய் ஒன்றல்ல, இரண்டு போட வேண்டும் என்பது. தப்பான பாகம் உருவானது ஏன் என்று ஒன்று, உருவானது நம் கண்ணில் படாமல் கேட்டைத் தாண்டியது ஏன் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே சங்கிலியில் கோர்த்தால் அது நேராக மெஷின் முன்னால் நிற்கிறவரின் தலையில் போய் முடியும், ஏனென்றால் செய்வதும் அவர்தான், அளப்பதும் அவர்தான்.

அம்பத்தூருக்கு அடுத்த பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுதான் இந்தியாவில் முதன்முதலாக டெமிங் பரிசு வாங்கியது, 1998ல். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. 50 குழி உள்ள ஒரு துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், சிவப்பு மணி வரக் கூடாது. ஐந்தில் ஒன்று சிவப்பு என்பதால் யார் எடுத்தாலும் பத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் 6 எடுத்தவருக்குப் பாராட்டு, 14 எடுத்தவருக்குத் திட்டு என்று மேனேஜர் மாதிரி நடிப்பார் டெமிங். நம் கடைகளில் இதே நாடகத்தை மணி, பெட்டி, துடுப்பு எதுவுமில்லாமல் மாதா மாதம் போடுகிறோம், அதுவும் நடிப்பே தெரியாத அளவுக்கு.

அதனால் கொஞ்சம் விவரமான அனலிஸ்ட் பலகையை விட்டுவிட்டு ஷீட்டை எடுப்பார். ஷீட்டில் மதிப்பைப் படிப்பதற்கு முன் கையெழுத்தைப் படிக்க வேண்டும். எட்டு மணி நேரத்து ரீடிங்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால் அது டீ டைமில் மொத்தமாக எழுதியது. கடைசி இலக்கம் எப்போதும் 0 அல்லது 5 என்றால் 1 மைக்ரான் டயலைக் கண் மதிப்பில் பார்த்தது. எல்லாமே 20.010 என்றால் அதை ரீடிங் என்பதைவிடப் பிரார்த்தனை என்று சொல்லலாம். எண்ணெய்க் கறை படிந்து, நடுவே ஒன்று அடித்து எழுதப்பட்டு, 20.007, 20.013, 20.009 என்று கன்னாபின்னாவென்று இருப்பதுதான் நம்பத் தகுந்த ஷீட். ஆடிட்டர் வரும்போது மறைப்பதும் அதைத்தான்.

இந்தப் புகாரில் ஷீட் அழுக்காக, அதாவது உண்மையாக, இருந்தது என்று வையுங்கள். சராசரியையும் வீச்சையும் வரைந்து பார்க்கிற எக்ஸ்-பார், ஆர் சார்ட்டும் சுத்தம். மணிக்கு 5 பாகம், சராசரி நடுக்கோட்டை ஒட்டி, வீச்சு எல்லைக்குள். அளவுகள் எல்லைக்குள் எவ்வளவு தாராளமாக அடங்குகின்றன என்று சொல்லும் சிபிகே 1.33. வால்டர் ஷூவார்ட் 1924 மே 16ல் ஒரே பக்கத்தில் வரைந்துகொடுத்த சார்ட்டின் வம்சம் இது. நூறு வருஷமாக வேலை செய்கிறது. ஆனால் அதற்குள் போவது அளவுகோல் சொல்லும் எண்தான். அளவுகோல் தினமும் ஒரே அளவுக்குப் பொய் சொன்னால் சார்ட் கோணாமல் நிற்கும்.

“கேஜ் ஆர் அண்ட் ஆர் போட்டாச்சே சார், 8 சதவீதம்தான்” என்பார்கள். அளவுகோலும் அளக்கிறவர்களும் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனை அது. போட்டது உண்மைதான். 10 பாகம், 3 பேர், ஆளுக்கு 3 தடவை, மொத்தம் 90 ரீடிங். 10க்குக் கீழே இருந்தால் நல்லது, 30க்கு மேலே போனால் கேஜைத் தூக்கிப் போட வேண்டும். எங்கே வைத்துப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. ஏசி ரூமில். மே மாதத்தில் அந்த 90 ரீடிங்குக்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை, கூப்பிடாதவர்கள்கூட வந்து நிற்பார்கள். பாகமும் குளிர்ந்து, அளவுகோலுக்கு ஜீரோ வைக்கிற ரிங் கேஜும் குளிர்ந்து, ஆளும் குளிர்ந்து எடுத்த கணக்கு. தவிர, இந்தச் சோதனை ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை எவ்வளவு மாறுகிறது என்றுதான் பார்க்கும். மூன்று பேரும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குத் தெரியாது.

வழி திறந்தது ஷிப்ட் வாரியாகப் பிரித்தபோது. டேக் படம் ஒருவழியாக வந்து சேர்ந்ததும், பின் ஏறாத பாகங்கள் எல்லாம் ஏ ஷிப்ட் லாட். பி ஷிப்டில் ஒன்றுகூட இல்லை. இதில்தான் கடையே குழம்பும். ஏ ஷிப்ட் ஆபரேட்டர் போர்டில் படம் ஒட்டப்பட்டவர், ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’. பி ஷிப்ட்காரர் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர் என்று 5எஸ் என்கிற ஒழுங்கு-சுத்த ஆடிட்டில் தொடர்ந்து மதிப்பெண் இழப்பவர்.

நடப்பது இது. துளையை அளக்கிற போர் கேஜுக்கு, 20.000 என்று துல்லியமாகச் செய்த ரிங்கில் விட்டு ஜீரோ வைக்க வேண்டும். ரிங் விலை உயர்ந்தது, அதனால் ஏசி ரூமில் 20 டிகிரியில் பூட்டி வைக்கிறார்கள். இரண்டு மணிக்கொரு தடவை ஜீரோ சரிபார்க்க வேண்டும் என்று வொர்க் இன்ஸ்ட்ரக்ஷனில் எழுதியிருக்கிறது. ஏ ஷிப்ட்காரர் அட்சரம் பிசகாமல் அதைச் செய்கிறார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ரிங்கை வாங்குகிறார், சில்லென்றிருக்கும்போதே ஜீரோ வைக்கிறார், உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வந்து அளக்கிற புஷ் மெஷினிலிருந்து இறங்கி 40 டிகிரியில் இருக்கிறது. பி ஷிப்ட்காரர் ஷிப்ட் ஆரம்பத்தில் ரிங்கை வாங்கி, டேபிளில் போட்டு, திருப்பிக் கொடுக்க மறந்துவிடுகிறார். அது அங்கேயே கிடந்து கடையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அவர் ஜீரோ வைப்பது அந்த ரிங்கில்.

ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 20 மில்லிமீட்டருக்கு, 20 டிகிரி வித்தியாசத்துக்கு, 4.6 மைக்ரான். ரிங்கும் பாகமும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்து விரிந்து கணக்கு நேராகிவிடும். ஒன்று சில்லென்றும் மற்றொன்று சூடாகவும் இருந்தால் துளை 4.6 மைக்ரான் பெரிதாகத் தெரியும். அப்படித் தெரிந்ததும் நல்ல ஆபரேட்டர் என்ன செய்வார்? ஆஃப்செட்டை 5 மைக்ரான் குறைத்து நடுவே கொண்டுவருவார். சார்ட்டில் சராசரி 20.0105ல் அழகாக உட்காரும். வாடிக்கையாளரின் 20 டிகிரி ரூமில் அதே பாகங்களின் சராசரி 20.006ஐ ஒட்டி வரும். அளவுகளின் சிதறலைச் சொல்லும் சிக்மா 2.63 மைக்ரான் என்றால் கீழ்நுனி 19.998, சிபிகே 1.33லிருந்து 0.75க்கு இறங்கும். இரண்டாயிரத்துக்கு 25 பாகம் போல எல்லைக்குக் கீழே. மெயிலில் வந்த எண்ணே வந்து நிற்கும்.

ஆக, கவனக்குறைவு என்று பலகையில் எழுதியிருந்த ஆளைவிடக் கவனமானவர் கடையிலேயே கிடையாது. கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் லாட் பாஸ் ஆகியிருக்கும். இதை 8டி ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்பது அனலிஸ்ட்டின் தனிக் கஷ்டம். “ஊழியர் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றியதால் பிழை ஏற்பட்டது” என்று எழுதினால் வாடிக்கையாளர் போன் செய்து, மொழிபெயர்ப்பில் ஏதோ தப்பு என்பார். எழுத வேண்டியது இப்படி: உருவான காரணம், தப்பான ரீடிங்கை நம்பி ஆஃப்செட் திருத்தியது. தப்பிப்போன காரணம், ரிங்கும் பாகமும் வேறு வேறு வெப்பநிலையில் இருக்க ஜீரோ வைக்கும்படி நம் நடைமுறையே எழுதப்பட்டிருந்தது.

சரிசெய்ய பெரிய செலவில்லை. ரிங்கோடு, அல்லது அதே ஸ்டீலில் செய்து 20 டிகிரியில் அளந்து எண் பொறித்த ஒரு மாஸ்டர் புஷ்ஷோடு, ஒரு வார்ப்பிரும்புத் தட்டை மெஷின் பக்கத்து டேபிளில் போட வேண்டும். அளக்கப்போகும் பாகத்தைத் துடைத்து அதே தட்டில் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின் அளக்க வேண்டும். தட்டு இல்லாமல் காற்றில் விட்டால் ஆற நேரம் பிடிக்கும். கூலன்ட் மட்டத்தை ஷிப்டுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். தொட்டியில் அளவு குறைந்தால் மிச்சமிருக்கும் கூலன்ட் சீக்கிரம் சூடாகி பாகமும் கூடுதல் சூட்டோடு இறங்கும். எங்கே எது தப்பலாம் என்று பட்டியலிடும் பிஎஃப்எம்இஏவிலும், எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கன்ட்ரோல் பிளானிலும் இந்த வரிகள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த மே மாதம் வேறொரு அனலிஸ்ட் இதே துளையைப் புதிதாகக் கண்டுபிடிப்பார்.

ரிங்கைப் பூட்டி வைக்கிற ஸ்டாண்டர்ட்ஸ் ரூம் பொறுப்பாளரோடு ஒரு சண்டை நிச்சயம். “ரிங்கை வெளிய குடுத்தா காலிப்ரேஷன் போயிடும் சார், கீழ போட்டா யார் பொறுப்பு?” அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் மாஸ்டர் புஷ் நல்ல ஏற்பாடு. கீழே விழுந்தாலும் இன்னொன்று செய்துகொள்ளலாம். ரிங் உள்ளேயே இருக்கட்டும், மாஸ்டர் புஷ்ஷை அவ்வப்போது அதோடு ஒப்பிட.

டேபிள் எந்த இடத்தில் என்பதையும் தரையில் பெயின்ட் அடித்துக் காட்டிவிடுவது உத்தமம். “மெஷின் பக்கத்தில் வைக்கவும்” என்று மட்டும் எழுதினால், சொன்னதைச் சொன்னபடி செய்கிற யாராவது மாஸ்டரை மெஷினின் சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் மூடி மேல் வைப்பார். அந்த மூடி மத்தியானம் பாகத்தைவிடச் சூடாக இருக்கும். மாஸ்டர் விரிந்த நிலையில் ஜீரோ வைத்தால் துளை சிறிதாகத் தெரியும், ஆஃப்செட் மேலே ஏறும், இந்த முறை பின் லொடலொடவென்று ஆடும். அதற்கு வேறு நம்பரில், வேறு கட்டைவிரலோடு, வேறொரு வெள்ளிக்கிழமை மெயில் வரும்.