சேரும் முன்பே பாதிச் சம்பளம்

26 வார மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள குன்னூர் முழுக்க விசாரித்து, கடைசியில் பெட்போர்டு பக்கம் ஒரு அக்கா கிடைத்தார். மாதம் 9,000 ரூபாய். ஆனால் இப்போதிருந்தே பாதிச் சம்பளம் தந்தால்தான் எனக்காகக் காத்திருப்பார். இன்னும் வேலைக்கே போகவில்லை, அதற்குள் இரண்டு மாதத்தில் 9,000 போய்விடும்! மனசு கேட்கவில்லை.

"கொழுந்து பறிக்கப் போனா கூலி வந்துரும் கண்ணு, சும்மா எப்படிக் காத்திருக்கறது?" என்றார். நியாயம்தான். சரி என்றேன்.

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தபோது நான் அங்கேயே கிரெச்சில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், இலவசமாக வளர்ந்தேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தந்த வசதி அது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களிலும் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. எங்கள் அலுவலகத்தில் 11 பேர். மலையில் பல வேலையிடங்கள் இப்படிச் சின்னவைதானே, அந்த அம்மாக்கள் எங்கே போவார்கள்? எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

இரண்டு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள அக்காவுக்குச் சம்மதம். குன்னூரில் யாருக்காவது தேவையென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.