தீ அணைந்தாலும் வலி நிற்பதில்லை

காட்டுத்தீயை அணைப்பவர்கள் என்றால் புகையும் தீக்காயமும்தான் நம் நினைவுக்கு வரும். முதுகும் முட்டியும் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் இந்த வேலைக்கான உடல்தகுதித் தேர்வே, சுமார் 20 கிலோ சுமையோடு 3 மைல் தூரத்தை 45 நிமிடத்தில் நடப்பதுதான். களத்தில் சரிவில் ஏறி, மணிக்கணக்கில் குனிந்து மண்ணை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். பெரும்பாலும் 14 நாள் வரை தொடர்ச்சியாக. பழைய சுளுக்கு ஆறுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். அப்புறம் அதுவே நாள்பட்ட வலியாகிவிடும்.

என்னை ரொம்ப வருத்துவது, பலர் இதை வெளியே சொல்லாததுதான். சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ, ஓவர்டைம் சம்பளம் போய்விடுமோ என்ற பயம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள். காட்டுத்தீப் பருவம் முடிந்த பிறகும் இவர்களுக்குப் பிசியோதெரபி தொடர வேண்டும், சம்பளத்தோடு ஓய்வும் வேண்டும். இந்த வேலையில் யாரையாவது தெரிந்தால், முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.