செப்டம்பர் மேல் ஏன் இந்தப் பயம்?

அமெரிக்கத் திரையரங்குகளுக்குச் செப்டம்பர் மந்தமான மாதம் என்பது பழைய கணக்கு. முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்தோடு கோடை முடிகிறது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிடுவார்கள்; வார நாட்களின் பகல் காட்சிகளில் இருக்கைகள் காற்று வாங்கும். வெள்ளி, சனி, ஞாயிறை நம்பியே படம் பிழைக்க வேண்டும். (அந்த ஞாயிறையும் அவர்கள் ஊர்க் கால்பந்து பங்கு கேட்கும்.)

ஆனால் 2017 செப்டம்பர் 8 அன்று 'இட்' என்ற பேய்ப்படம் வந்தது. முதல் மூன்று நாட்களில் 12.3 கோடி டாலர் வசூல்! அதற்கு முன் செப்டம்பரில் வெளியான எந்தப் படமும் முதல் வார இறுதியில் 5 கோடியைக்கூடத் தொட்டதில்லை. ஞாயிறன்று வந்த வசூல் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு, திங்களன்று வந்த உறுதிக் கணக்கையும் இரண்டு முறை சரிபார்த்தேன். 2024இல் 'பீட்டில்ஜூஸ் பீட்டில்ஜூஸ்' சுமார் 11 கோடி. செப்டம்பரை ஒட்டி, 2019 அக்டோபர் தொடக்கத்தில் வந்த 'ஜோக்கர்' 9 கோடிக்கு மேல்.

போட்டி குறைவு என்பதால் நல்ல படத்துக்குப் பெரிய திரைகள் வாரக்கணக்கில் கிடைக்கும். பேய்ப்படக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். நடுத்தரச் செலவில் எடுத்த அருமையான குடும்பக் கதைகளோ டிசம்பர் நெரிசலில் போய் நசுங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.